யானுக்குப் போகுமுன் வயலைப் பற்றிக் கேளுங்கள்

மலேசியாவின் வடமேற்கு மூலையில் இருப்பது கெடா மாநிலம். அலோர் ஸ்டாருக்குத் தெற்கே, சுங்கை பட்டாணிக்கு வடக்கே, கடலை ஒட்டி யான் என்றொரு மாவட்டம். மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. தெற்கே ஜெராய் மலை, மேற்கே மலாக்கா நீரிணை, மீதியெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்.

இணையத்தில் யான் என்று தேடினால் பச்சைப் பசேல் என்று ஒரு படம் வரும். பொன்னிறத்தில் ஒரு படம் வரும். நிலமெல்லாம் தண்ணீராக, அதில் ஜெராய் மலை தலைகீழாகத் தெரிகிற படமும் வரும். மூன்றும் ஒரே இடம்தான். ஆனால் ஒரே பயணத்தில் மூன்றையும் பார்க்க முடியாது. பச்சையை எதிர்பார்த்துப் போய், அறுத்துப்போட்ட வைக்கோலையும் கருகிய தாளையும் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் உண்டு.

மலாய் நாட்டுப்புறம் எப்படி இயங்குகிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு யான் நல்ல பாடம். அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: வயலில் இப்போது தண்ணீர் இருக்கிறதா, வடித்துவிட்டார்களா? விவசாயம் மட்டுமல்ல, கல்யாணம், பட்டம், மீன், விருந்து, நாம் எடுக்கப்போகும் படம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

முதலில் நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மாநிலத்துக்குக் கீழே மாவட்டம், அதற்குக் கீழே முக்கிம், அதற்கும் கீழே கம்போங் எனப்படும் கிராமம். யான் மாவட்டத்தில் ஐந்து முக்கிம்கள். முக்கிமுக்குப் பெங்குலு என்றொரு அதிகாரி, கம்போங்குக்கு ஒரு தலைவர். தமிழ்நாட்டு மாவட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் குழப்பமாக இருக்கும். பரப்பில் இது நம் வட்டத்துக்குப் பக்கத்தில்தான் வரும். மாவட்டத்தில் கடைத்தெரு என்று சொல்லத்தக்க ஊர்கள் குவார் செம்படாக், யான், சுங்கை லீமாவ். மற்றதெல்லாம் வாய்க்கால் ஓரத்தில் வரிசையாக நிற்கும் வீடுகள். நடுவில் ஒரு திடல், அதைச் சுற்றித் தெருக்கள் என்கிற அமைப்பை இங்கே தேடாதீர்கள். வாய்க்கால் கரையும் சாலையும்தான் மேடு. மேட்டில் வீடு, பின்னால் தென்னை, அதற்குப் பின்னால் உடனே வயல். பழைய வீடுகள் தூண்கள்மேல் நிற்கும். வாசலில் படிக்கட்டு இருக்கும்.

இந்தச் சமவெளி எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் பெரும்பகுதி சதுப்பு. கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான் 1885 வாக்கில் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள குருண் வரை ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். ஏறக்குறைய 36 கிலோமீட்டர். முடிய பத்தாண்டு ஆனது. அளவைக் கருவிகள் இல்லாததால் இரவில் கம்புகளின் உச்சியில் விளக்கேற்றி, அவை ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று பார்த்து நேராக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, கால்வாய் இன்றும் நேராகத்தான் இருக்கிறது. சதுப்பு வடிந்தது, படகு போனது, இருகரையிலும் நிலம் விற்பனைக்கு வந்தது. குடும்பங்கள் வந்து குடியேறின. வாய்க்கால் கரையில் வீடு கட்டும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போதும் ஒரு போகம்தான். மழை தொடங்கியதும் நாற்று விடுவார்கள், மழை முடிந்ததும் அறுப்பார்கள். இரண்டாம் போகத்தைக் கொண்டுவந்தது மூடா பாசனத் திட்டம். உலக வங்கிக் கடனோடு 1960களின் நடுவில் வேலை தொடங்கியது. மலைநாட்டில் மூடா, பெடு என்று இரண்டு அணைகள். மூடா அணையில் சேரும் நீரைச் சுரங்கம் வழியாகப் பெடுவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆற்றில் விட்டு, கால்வாய்களில் பிரித்துச் சமவெளிக்கு அனுப்புகிறார்கள். 1970இல் இதை நடத்த மாடா என்ற வாரியம் உருவானது. கெடாவிலும் பெர்லிஸின் ஒரு பகுதியிலுமாகச் சுமார் 1 லட்சம் ஹெக்டேர் நெல்நிலம் இதன் கீழ் வருகிறது. மலேசியாவில் விளையும் அரிசியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அணை இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வயலுக்குத் தேவையான நீரில் பெரும் பங்கை மழைதான் தருகிறது. குறையைத்தான் அணை நிரப்புகிறது. 1978இல் அணைகளில் நீர் போதாமல் போனதால் கோடைப் போகமே நடக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பாக எந்தப் பகுதிக்கு எந்தத் தேதியில் நீர் விடுவது என்று மாடா அட்டவணை போடுகிறது. எல்லா வயலுக்கும் ஒரே நாளில் நீர் விட முடியாது. ஒரு பகுதி உழுதுகொண்டிருக்கும்போது பக்கத்துப் பகுதி முளைவிட்டிருக்கும். நீங்கள் சரியான வாரத்தைத் தவறவிட்டாலும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் தேடிவந்த காட்சி கிடைக்கக்கூடும். பயணிகளுக்கு இது பெரிய உபகாரம்.

சரி, அட்டவணை எப்படி? முதல் போகத்துக்கு மார்ச், ஏப்ரல் வாக்கில் வயலில் நீர் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் அறுவடை. இரண்டாம் போகத்துக்கு செப்டம்பர், அக்டோபரில் நீர். ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை, சில இடங்களில் மார்ச் வரை இழுக்கும். விதைத்ததிலிருந்து அறுவடை வரை நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். மலை தலைகீழாகத் தெரியும் படம் வேண்டுமென்றால் நீர் ஏறிய முதல் சில வாரங்கள். பச்சை வேண்டுமென்றால் மே, ஜூன், அல்லது நவம்பர், டிசம்பர். பின்னதில் மழையும் இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னிறம் இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும். கதிர் முற்றியதும் வயலை வடித்துவிடுவார்கள். அறுவடை இயந்திரம் ஈர மண்ணில் புதைந்துவிடக் கூடாதே. இயந்திரம் வந்துவிட்டால் காலையில் பொன்னாக இருந்த வயல் மாலைக்குள் தாளாகிவிடும். இந்த மாதக் கணக்கெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு முன்பின் நகரும். தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் போன் செய்து கேட்பதுதான் நம்பகமான வழி.

நீர் ஏறிய காலத்தில் அதிகாலையில் வரப்போரம் நின்று பாருங்கள். இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் சேற்றைக் கலக்கிக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே கொக்குகள் வரிசையாக நடக்கும். கிளறிய சேற்றில் மேலே வரும் பூச்சிக்கும் தவளைக்கும்தான் அத்தனை பணிவு. வயல் நடுவே கம்பத்தில் மரப்பெட்டி மாட்டியிருந்தால் அது கூகை என்ற ஆந்தை கூடு கட்டுவதற்காக வைத்தது. எலியைக் கட்டுப்படுத்த விஷத்தைவிடக் கூகை மேல் என்று இதைப் பரப்பினார்கள். பகலில் கூகை கண்ணில் படாது. பெட்டிக்குக் கீழே எலி முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடந்தால் குடித்தனம் இருக்கிறது என்று அர்த்தம்.

நடவு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகாதீர்கள். 1980களிலிருந்தே இங்கே பெரும்பாலும் நேரடி விதைப்புதான். முளைகட்டிய விதையை முதுகில் சுமக்கும் ஊதுகருவியால் தெளிக்கிறார்கள். இப்போது டிரோனும் வந்துவிட்டது. அதற்கு முன்பு பெண்கள் குழுவாக நடவு நட்டார்கள். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்ற கைமாற்று உழைப்பு இருந்தது. கெடாவில் அதற்கு 'பெர்டெராவ்' என்று பெயர். நேரடி விதைப்பு வந்ததும் அது குறைந்தது. கூடவே இன்னொரு தலைவலியும் வந்தது. 'பாடி ஆங்கின்' எனப்படும் களைநெல். பார்க்க நெல் மாதிரியே இருக்கும். அறுவடைக்கு முன்பே மணியைக் கொட்டிவிடும். நடவில் வரிசை இருப்பதால் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கிவிடலாம். தெளித்த வயலில் எது நெல், எது களை என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டாம் போகம் அரிசியைக் கொடுத்து நேரத்தை எடுத்துக்கொண்டது. ஒரு போகக் காலத்தில் அறுவடைக்குப் பிறகு பல மாதம் நிலம் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில்தான் கல்யாணம், கூத்து, பட்டம் எல்லாம். கெடாவுக்கென்று 'வாவ் ஜாலா பூடி' என்ற பட்டம் உண்டு. பெரிய பட்டங்களின் தலையில் மெல்லிய நாண் கட்டிய வில்லைப் பொருத்துவார்கள்; உயரத்தில் காற்று பட்டதும் அது ரீங்காரமிடும். அதைப் பறக்கவிட வறண்ட வயல் வேண்டும், வேலையில்லாத ஆளும் வேண்டும். இப்போது இரண்டும் ஒரு சில வாரம்தான் கிடைக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் போனால் பார்க்க வாய்ப்பு அதிகம்; வறண்ட காற்று அப்போதுதான் நிலையாக அடிக்கும். கல்யாணங்கள் வயலை விட்டுவிட்டுப் பள்ளி விடுமுறையைப் பிடித்துக்கொண்டன.

மீனும் அப்படித்தான். ஒரு போகக் காலத்தில் வயலே மீன்பண்ணை. விரால், பனையேறிக்கெண்டை, செப்பாட் எல்லாம் நெல்லோடு வளர்ந்து, நீர் வடியும்போது குட்டையில் சேரும். அள்ளிவந்து உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊறவைத்து 'பெக்காசாம்' செய்வார்கள். எண்ணெயில் பொரித்தால் புளிப்பும் மொறுமொறுப்புமாக, இரண்டு கவளம் சோறு அதிகம் இறங்கும். இரண்டு போகமும் பூச்சிமருந்தும் வந்தபின் வயல்மீன் அரிதாகிவிட்டது. இன்று கடைப் பாட்டிலில் இருக்கும் பெக்காசாம் பெரும்பாலும் வளர்ப்பு மீன்தான். ருசி மோசமில்லை. ஆனாலும் கிராமத்துப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உலகம் முழுக்க சமூகவியல் மாணவர்களுக்கு இந்த மாவட்டம் தெரிந்திருப்பதற்கும் இந்த மாற்றமே காரணம். 1970களின் கடைசியில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் யான் பகுதியில் ஒரு நெல் கிராமத்தில் குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'செடாக்கா' என்று எழுதினார். அறுவடை இயந்திரம் வந்ததும் கூலி வேலை போன ஏழைகள் கலகம் செய்யவில்லை. வேலையை இழுத்தடிப்பது, பணக்காரரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது, விருந்துக்குப் போகாமல் இருப்பது என்று சத்தமில்லாமல் எதிர்த்தார்கள் என்பதை அங்கேதான் கவனித்தார். அமைதியான பச்சை வயலைப் பார்த்து "ஆகா, என்ன நிம்மதியான வாழ்க்கை" என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

பணக் கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். கெடாவில் வயலை 'ரெலோங்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ரெலோங் முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வாரிசுகளுக்குப் பிரித்துப் பிரித்து நிலம் துண்டாகிவிட்டது. பலர் குத்தகைக்கு உழுகிறார்கள். அரசு நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. 2025இல் அது டன்னுக்கு 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. கையில் கிடைப்பது அதைவிடக் குறையும். லாரி ஆலைக்குப் போனதும் ஈரப்பதம், பதர், குப்பை என்று எடையில் கழிப்பார்கள். விளைச்சல் எவ்வளவு என்பதைவிட எத்தனை சதவீதம் கழித்தார்கள் என்பதுதான் அறுவடைக் காலத்தில் தேநீர்க் கடைப் பேச்சு. வருகிற வருமானத்தில் இஸ்லாமியக் கடமையான தர்மத்துக்கும், அதாவது ஸக்காத்துக்கும், ஒரு பங்கு போகும். உழுவது, அறுப்பது எல்லாம் வாடகை இயந்திரம் என்பதால் பிள்ளைகள் பினாங்கு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அப்பாவின் வயலையும் ஓட்டிவிட முடிகிறது.

இனி மலைக்கு வருவோம். ஜெராய் 1,217 மீட்டர். உயரம் பெரிதில்லை, ஆனால் தட்டையான சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்பதால் கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். பாய்மரக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களுக்கு இதுதான் அடையாளம். கடல்மட்டம் உயர்ந்திருந்த பழங்காலத்தில் இது கடல் சூழ்ந்த நிலமாக இருந்திருக்கிறது; கெடாவின் பழைய மலாய்க் கதைநூலான ஹிக்காயாத்தும் இதை ஒரு தீவாகவே பேசுகிறது. உச்சிக்குக் குருண் பக்கமிருந்து வாகனச் சாலை உண்டு. மேலே மணற்பாறை முகடுகளில் குடுவைத் தாவரங்களைப் பார்க்கலாம். மேகம் இல்லாத காலையில் கீழே வயல்கள் கட்டம் கட்டமாக, அதற்கப்பால் கடலும் தீவுகளுமாகத் தெரியும்.

யான் பக்கச் சரிவில் அருவிகள்: செரி பெரிகி, தித்தி ஹாயுன், பத்து ஹம்பார். வார இறுதியில் குடும்பம் குடும்பமாக வந்து, பாறை நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக் குளிக்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் கொட்டிய மழையால் மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்த வெள்ளம் அருவிப் பாதைகளில் பாய்ந்து யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைப் பலிகொண்டது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. மலாயில் இந்தத் திடீர் வெள்ளத்துக்கு 'கெப்பாலா ஆயர்' என்று பெயர். நீங்கள் குளிக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட இல்லாமல் இருக்கலாம். உச்சியில் பெய்தால் போதும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், செருப்பையும் பையையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். உச்சி கறுத்திருந்தால் அன்றைக்கு அருவி வேண்டாம்.

மலையடிவாரத்தில் வயல் முடிந்து பழத்தோட்டம் தொடங்கும். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் ஆண்டின் நடுப்பகுதியில் வரும். இந்தப் பக்கத்தில்தான் கம்போங் ஆச்சே இருக்கிறது. 1873இல் டச்சுக்காரர்கள் சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே மீது படையெடுத்தபின் நீரிணையைக் கடந்து வந்தவர்களின் வழியினர் வாழும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாரும் மலாய்க்காரர்களாகத்தான் தெரியும். அவர்களுக்கோ தாங்கள் ஆச்சே வம்சம் என்பதில் தனிப் பெருமை.

கடற்கரை பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெள்ளை மணலை எதிர்பார்க்காதீர்கள், சேற்றுக் கரைதான். கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் கரை போட்டிருக்கிறார்கள். மாலையில் மீன் வாங்கவும், சுட்ட மீன் சாப்பிடவும், சூரியன் மறைவதைப் பார்க்கவும் ஜனங்கள் வருவார்கள். புந்திங் தீவுக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். தீவில் பெரிதாக ஒன்றுமில்லை, பாலத்திலிருந்து திரும்பி மலையைப் பார்ப்பதுதான் விசேஷம். சாப்பாட்டில் விட்டுவிடக் கூடாதது கெடா லக்சா: அரிசிமாவுச் சேமியா, கானாங்கெளுத்தி வேகவைத்து மசித்த புளிக்குழம்பு, மேலே வெள்ளரியும் வெங்காயமும் புதினாவும்.

தங்குவது பற்றி ஒரு விஷயம். மலேசியாவில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை மாட்டிய வீடுகளில் பெரும்பாலானவை முழுவீடாக வாடகைக்கு விடுபவை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வயலுக்குக் கூடப் போக வேண்டுமானால் முன்பதிவின்போதே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அப்படித் தங்கும்போது பெரியவர்களைப் பாக் சிக் (மாமா), மாக் சிக் (அத்தை) என்று அழைத்தால் போதும், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். பக்கத்தில் கென்டூரி எனப்படும் ஊர்விருந்து நடந்தால் நிச்சயம் உங்களையும் இழுத்துப் போவார்கள். பெரிய அண்டாவில் மாட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கும். சாப்பிடாதவர்கள் தயங்காமல் சொல்லிவிடலாம், மீனோ காயோ கொடுப்பார்கள். வரப்பில் நடக்கலாம். ஆனால் புதிதாகச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள், உடைந்தால் பக்கத்து வயலுக்கு நீர் ஓடிவிடும்.

தமிழர்களுக்கு இந்த மலையோடு ஒரு பழைய உறவு உண்டு. 1025 வாக்கில் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஜெராயின் தெற்குச் சரிவில், யானுக்கு அடுத்த மாவட்டமான கோலா மூடாவில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை ஒட்டிய மேட்டில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்க்கலாம். 1960 வாக்கில் மீட்டமைத்தது. சோழர் படையெடுப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இந்து, பௌத்தக் கட்டடங்கள் இரண்டுமே இங்கே கிடைத்திருக்கின்றன. பல நூற்றாண்டு நடந்த வணிகத்தின் மிச்சம் அது. யானிலிருந்து காரில் அரைநாள் ஒதுக்கினால் போதும்.

கார் இல்லாமல் யான் மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது கஷ்டம். அலோர் ஸ்டார் வரை ரயிலில் வந்து, அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று: கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அலுவலகங்கள் இயங்கும், பள்ளிகள் இருக்கும், அருவிகளில் கூட்டம் குறைவு. வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். அன்று லக்சா சாப்பிட வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.